திருக்கைவால் சௌந்தரம்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனுக்குத் தெற்கே இருக்கிற அந்தக் குப்பத்தில் போய் சௌந்தரம் வீடு எது என்று கேட்டால், எந்தச் சௌந்தரம் என்று திருப்பிக் கேட்பார்கள். நெத்திலி சௌந்தரம், கோணவாய் சௌந்தரம், திருக்கைவால் சௌந்தரம் என்று மூன்று பேர். ஒருத்தி நெத்திலி விற்றாள், ஒருத்திக்கு வாய் கோணல். அந்த இரண்டு பட்டப்பெயரிலும் நியாயம் இருந்தது. மூன்றாமவளுக்கு வைத்ததில் மட்டும் நியாயம் துளிகூட இல்லை. அதனாலோ என்னவோ அந்தப் பெயர்தான் நன்றாக ஒட்டிக்கொண்டது.

திருக்கை மீனின் வாலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குச் சாட்டை மாதிரி இருக்கும். காய்ந்துவிட்டால் அரம்போல் சொரசொரப்பு. குப்பத்தில் பாதி வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே ஒன்று தொங்கும். காத்து கருப்பு அண்டாது என்பார்கள். காத்து கருப்பு பயப்படுகிறதோ இல்லையோ, குடித்துவிட்டு வருகிற புருசன்மார்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே நுழைவார்கள். அதால் விழுகிற அடி மற்ற அடி மாதிரி கோடாக இருக்காது. ஊதாவாகப் புள்ளி புள்ளியாய்க் கன்றி, பத்து நாள் அப்படியே கிடக்கும். அந்தத் தடத்தை அறியாத ஆள் குப்பத்தில் கிடையாது. அடித்தவர்களும் உண்டு, வாங்கினவர்களும் உண்டு.

சௌந்தரம் காசிநாதனுக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. மூக்கு சப்பை என்று இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. காசிநாதனின் முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தேவநாதன் என்று ஒன்றரை வயதுப் பிள்ளை இருந்தது. வந்த மூன்றாம் நாளே அது சௌந்தரத்தை அம்மா என்று கூப்பிட்டது. பசியில கூப்பிட்டிருக்கும் என்று அவள் வெளியே சொல்லிக்கொள்வாள். வீட்டுக்குள்ளே அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு வருசம் ஓட்டினாள். அவளுக்கென்று ஒன்றும் பிறக்கவில்லை. அதற்கு ஊர்ப் பெண்கள் ஒன்பது காரணம் சொன்னார்கள்.

தேவு வளர்ந்து உருப்படியான போக்கிரி ஆனான். பள்ளிக்கூடத்து வாத்தியாரின் மடக்கிய குடைக்குள்ளே உயிர் நண்டை விட்டுவிட்டு, மழை எப்போது வரும் என்று அவரிடமே கேட்டவன். வாத்தியார் வந்து முறையிட்டபோது சௌந்தரம் கையை ஓங்கிக்கொண்டு அவனைப் புழக்கடைக்கு இழுத்துப் போனாள். அங்கே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் வெளியே கேட்கும்படி, ஐயோ அம்மா அடிக்காதே என்று கத்தினான். அது அவர்கள் இரண்டு பேருக்கும் வாடிக்கையான கூத்து. பின்னால் அந்தக் கத்தல் எத்தனை காதுகளில் தங்கியிருந்தது என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபத்தாறாம் வருசம் மாசியில் தேவுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தது. போய்விட்டது. பத்து நாள் கழித்துக் கணுக்கால் இரண்டும் வீங்கின, வயிறும் வலித்தது. மறுநாள் காலெல்லாம், பின்புறமெல்லாம், ஊதாவாகப் புள்ளி புள்ளியாய் வந்து நின்றது. கிணற்றடியில் அவனைக் குளிக்க வைக்கும்போது பக்கத்து வீட்டு முத்தம்மாள் பார்த்தாள். பார்த்துவிட்டு சௌந்தரத்தின் வாசல் நிலையை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே வால் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் சேதி போய்விட்டது.

எங்கம்மா அடிக்கலை என்று தேவு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவர்களுக்கு இரக்கம் கூடிற்று. பாவம், பயந்து கெடக்குது புள்ள என்றார்கள்.

மூன்றாம் நாள் சுப்புராயன் வந்துவிட்டார். இறந்துபோனவளின் அண்ணன், தேவுக்குத் தாய்மாமன். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே அவர் குப்பம். அதுவரைக்கும் அவர் சௌந்தரத்தைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு எதுவும் கூப்பிடவில்லை. பிள்ளையின் வேட்டியை விலக்கிப் பார்த்தார். வாலைப் பார்த்தார். வெளியே போய்க் காசிநாதனிடம், பிள்ளையை நான் கொண்டுபோகிறேன் என்றார். காசிநாதன் தலையைச் சொறிந்துகொண்டு, அமாவாசைக்குப் பஞ்சாயத்து கூடும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று தவணை வாங்கினான். அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளில் சௌந்தரத்துக்கு வழிகாட்டினது மஞ்சக்குப்பத்து ராணியம்மாள் டீச்சர். புதன்கிழமைதோறும் சௌந்தரத்திடம் வஞ்சிரம் வாங்குகிற வீடு. கூடையை இறக்கும்போதே சௌந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டு முடித்த டீச்சர், அடிபட்ட புள்ளைக்கு எதுக்குக் கணுக்கால் வீங்குது, வயிறு எதுக்கு வலிக்குது என்று ஒரே கேள்விதான் கேட்டார். தன் தம்பியோடு மெட்ராசில் படித்த சபாபதி டாக்டர் சிதம்பரத்தில் இருக்கிறார், பிள்ளைகள் வியாதி பார்ப்பார் என்று சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்தார்.

சௌந்தரமும் காசிநாதனும் தேவுவும் ரயிலேறிப் போனார்கள். தெற்கு வீதியில் டாக்டர் வீட்டு முன்னறைதான் ஆஸ்பத்திரி. பெஞ்சில் இருந்தவர்கள் மீன் வாடைக்கு முகத்தைச் சுளித்து நகர்ந்து உட்கார்ந்ததில் இவர்களுக்கு நல்ல இடம் கிடைத்தது.

டாக்டர் புள்ளிகளின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அமுக்கினார். நிறம் மறையவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றும் மேடாகத் தட்டுப்பட்டது. ரத்தம் தோலுக்குள்ளே கசிந்து நிற்கிறது என்றார். எதனால் கசிகிறது என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் பிளேட்லெட் என்று கண்ணுக்குத் தெரியாத பொடி மிதக்கிறது, எங்கே ஓட்டை விழுந்தாலும் ஓடிப்போய் அடைப்பது அதன் வேலை. அது குறைந்து போனாலும் இப்படிப் புள்ளி வரும், இருக்கிறது சோம்பேறியாகிவிட்டாலும் வரும். முதலில் அதைச் சோதிப்போம்.

தேவுவைக் காசிநாதன் மடியில் உட்கார வைத்து, காது மடலில் சின்னக் கத்தியால் ஒரு குத்து.

"மாமன் மடியில ஒக்காந்துதான் காது குத்துவாங்க. மொட்டையும் அடிக்கல, கம்மலும் காணோம். என்னா டாக்டரு நீங்க?" என்றான் தேவு.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிசத்துக்கு ஒரு தரம் மை ஒத்துகிற தாளால் அந்த ரத்தத்தை ஒத்தி எடுத்தார். முதல் பொட்டு காலணா அளவு. அடுத்தது அதைவிடச் சின்னது. ஆறாவது பொட்டு கடுகு மாதிரி. ஏழாவது தரம் தாளில் ஒன்றும் இல்லை. கையிலிருந்து எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினார். அது உறைந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது குழாயின் ஓரத்தை விட்டுச் சுருங்கி நடுவில் நின்றது. சுற்றிலும் தெளிந்த மஞ்சள் தண்ணீர். அப்படி இழுத்துச் சுருக்குவதும் பிளேட்லெட்டின் வேலைதானாம். மைக்ராஸ்கோப்பில் எண்ணியும் பார்த்தார். குறைவில்லை.

இரண்டு நாள் பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். அப்போது சௌந்தரம் ஒரு காரியம் செய்தாள். பிள்ளையை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. இருந்தாலும் காசிநாதனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "நான் ஊருக்குப் போறேன். நீ கூட இரு. நான் இல்லாதப்பவும் வருதான்னு ஒங் கண்ணால பாரு, பஞ்சாயத்துல நீதான சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாள். அந்த இரண்டு நாளும் மஞ்சக்குப்பத்தில் கிளிச்சை மீனை விற்றாளா கீழே போட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

அவள் திரும்பி வந்தபோது காசிநாதன் டாக்டர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். முகம் வீங்கியிருந்தது. விடியற்காலையில் தேவுவின் தொடையில், முந்தின நாள் வெறுமையாக இருந்த இடத்தில், புதிதாகப் பதினெட்டுப் புள்ளி வந்திருந்தது. காசிநாதன் பிள்ளையின் பக்கத்திலேயே படுத்திருந்தான். "தப்பா நெனச்சிட்டேன் சௌந்தரம்" என்று அவன் சொன்ன பிறகுதான், இவனும் நம்மைச் சந்தேகப்பட்டிருக்கிறான் என்பதே அவளுக்குத் தெரிந்தது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதாவது தெரிந்துகொண்டானே என்றிருந்தது.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். பிளேட்லெட்டின் எண்ணிக்கையும் சரி, வேலையும் சரி. ரத்தக் குழாயின் சுவர்தான் வெந்து வீங்கியிருக்கிறது. தொண்டைக் காய்ச்சலுக்குப் பின்னால் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும். சில வாரத்தில் அடங்கும். மறுபடி வந்தாலும் வரும்.

காசிநாதனின் அப்பா ஓ.டி. துறைமுகத்தில் படகுக்குக் கலப்பத்து அடித்தவர். பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் திணித்துத் தண்ணீர் வராமல் அடைக்கிற வேலை. காசிநாதன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப கலப்பத்துக்காரன் ஒழுங்காத்தான் வேலை செய்யறான். ஆளும் கொறச்சல் இல்ல. பலகையே புண்ணாயிக் கெடக்குது, அதுல தண்ணி ஊறுதுன்றீங்க."

"அதேதான். நானே இவ்வளவு நல்லா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

சௌந்தரத்துக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது. புருசன் சொன்ன பிறகு முழுசும் பிடிபட்டது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒண்ணுக்கு காபித் தண்ணி மாதிரி போனால் உடனே கூட்டிவர வேண்டும், அப்போது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம் என்று டாக்டர் எச்சரித்தார். ஊர்ப் பஞ்சாயத்து விசயத்தைச் சொன்னதும், நான் ஒரு சீட்டு எழுதித் தரட்டுமா, இது அடிபட்ட காயம் இல்லை என்று, எனக் கேட்டார்.

"எதுக்கு சார் சீட்டு? அங்க படிக்கிறவன் யாரு? நான் இருக்கேன்ல" என்றான் காசிநாதன்.

அதுவும் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவதில்லை. கோயில் முன்னால் மணலில் ஆண்கள் வட்டமாக உட்காருவார்கள். பெண்கள் வலை காயப்போடும் கம்புகளுக்குப் பின்னால் நின்று கேட்கலாம். ஒருத்தியின் வழக்கு என்றால் அவள் புருசன்தான் அவளுடைய வாய். புருசன் இல்லாதவளுக்கு அண்ணனோ தம்பியோ. யாரும் இல்லாதவளுக்கு வழக்கே இல்லை.

அமாவாசைக்கு முந்தின நாள் சுப்புராயன் மறுபடி வந்தார். காசிநாதனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய மீனவர் சங்கத்துக்கு சர்க்கார் ஒரு மெஷின் போட்டு, அதாவது விசைப்படகு, ஒதுக்கியிருந்தது. காசிநாதன் ஆறு மாசம் மெஷின் ஓட்டப் படித்துவிட்டு, ஓட்டப் போட்டு இல்லாமல் கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவன். என்ன பேசினீர்கள் என்று சௌந்தரம் கேட்டதற்கு, போட்டுக்கு ஆள் பேசினார் என்று மட்டும் சொன்னான். நல்லதுதானே என்றாள் அவள்.

மறுநாள் வட்டத்தின் நடுவில் அந்த வாலைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தலைமை உட்கார்ந்திருந்த கண்ணாயிரம் எல்லாவற்றையும் கேட்டார். முத்தம்மாள் வீட்டுக்காரர், பிள்ளை கத்தினதைத் தானே பல நாள் கேட்டதாகச் சொன்னார். கடைசியில் காசிநாதனைக் கேட்டார்கள். சிதம்பரத்துக்குப் போனீர்களாமே, டாக்டர் என்ன சொன்னார்?

கம்புக்குப் பின்னால் சௌந்தரம் முன்னால் நகர்ந்து நின்றாள். அவன் கலப்பத்துக் கதையைச் சொல்லப் போகிறான். அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அது ஒரு நொடியில் விளங்கும்.

காசிநாதன் எழுந்தான். மணலைப் பார்த்தான். சுப்புராயனைப் பார்த்தான்.

"டாக்டரு இங்கிலீசுல ஏதோ சொன்னாரு. எனக்கு வெளங்கல."

சௌந்தரம் கம்பைத் தாண்டி வந்துவிட்டாள். "யோவ், ஒனக்கா வெளங்கல? எனக்கே நீதான்யா வெளங்க வெச்ச" என்றாள். அதற்கு மேல் பேசவிடவில்லை. பொம்பளையைப் பின்னால் போகச் சொன்னார்கள். முத்தம்மாள்தான் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள், ஏதோ உதவி செய்கிறவள் மாதிரி. பிள்ளை தாய்மாமன் வீட்டில் வளரட்டும் என்று தீர்ப்பானது. தேவு மணலில் புரண்டு அழுதான். அவன் அழுததையும் அவள் கணக்கிலேயே எழுதினார்கள்: எப்படி பயமுறுத்தி வெச்சிருக்கா பாரு.

வீட்டுக்கு வந்தும் அவள் கூப்பாடு போடவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு ஏன் என்று கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, மச்சானைச் சபையில் பொய்யனாக்கினால் போட்டு கைவிட்டுப் போகும் என்றான். கொஞ்ச நாள்தானே என்றான். "போட்டு வந்தா நம்ம மூணு பேருக்குந்தான் சோறு."

"மூணு பேருல ஒருத்தனக் குடுத்துட்டுத்தான வந்திருக்க" என்றாள்.

அடுத்த வாரம் அவன் மெஷின் போட்டில் டிரைவராகப் போனான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்காத ஆள் குப்பத்தில் இல்லை. வாய்விட்டுச் சொன்ன ஆளும் இல்லை. சின்னப் பசங்கள் மட்டும், அவள் கூடையோடு போகும்போது திருக்கைவாலு, திருக்கைவாலு என்று பின்னால் ஓடினார்கள். அவள் திரும்பி முறைத்தால் அவர்களுக்கு இன்னும் கொண்டாட்டம். அதனால் திரும்புவதை விட்டுவிட்டாள்.

அடுத்த நாலு மாசத்தில் அவளை அரித்தது வேறொன்று. மறுபடி வந்தாலும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுப்புராயன் வீட்டில் வைத்து அந்தப் புள்ளிகள் வந்தால் போதும். அவள் அடிக்கவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் மனசு ஒரு கணம் லேசாகும். அடுத்த கணமே கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஐயோ வேணாம் தாயே, வரவே வேணாம் என்று தலையில் குட்டிக்கொள்வாள். மஞ்சக்குப்பத்து நடுத்தெருவில் ஒரு மீன்காரி தன்னையே குட்டிக்கொள்வதைப் பார்த்தவர்கள் வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆடி மாசம் ஒரு காலையில் சுப்புராயன் வாசலில் வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். உள்ளே வரவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு, "புள்ளைக்குப் புள்ளி வந்திருக்குது, தங்கச்சி" என்றார். "நாங்க யாரும் கை வெக்கல."

எத்தனை நாள் அவள் மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த பேச்சு. அத்தனையும் மறந்து போனது.

"ஒண்ணுக்கு என்ன நெறத்துல போறான்?" என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை. அம்மை என்று வேப்பிலை கட்டிப் படுக்க வைத்திருந்தார்களாம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே கிளம்பினாள். வழியில் சுப்புராயன் ஒரே ஒரு விசயம் கேட்டுக்கொண்டார்: பிள்ளையை நீயே வைத்துக்கொள், என் பெண்சாதி பயப்படுகிறாள், ஆனால் இதை ஊரில் பேச வேண்டாம், சபை தீர்ப்பு தப்பு என்றாகிவிடும். அவள் அவரைத் தாண்டி முன்னால் போனாள். வேகமாக நடந்தாள்.

சிதம்பரத்தில் டாக்டர் ஒண்ணுக்கை ஒரு குழாயில் பிடித்து, விளக்கில் காய்ச்சிப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சிறுநீரகம் தப்பித்தது என்றார். இன்னும் ஆறு மாசத்துக்கு மாசம் ஒரு தரம் கொண்டுவந்து காட்டச் சொன்னார். சௌந்தரம் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது ரயிலில் தேவு அவள் தோளில் சாய்ந்துகொண்டு வந்தான். ஆள் இளைத்திருந்தான், வாய் இளைக்கவில்லை. மாமன் வீட்டு ஆட்டுக்கு மீசை வரைந்த கதையைச் சொன்னான். அவள் சிரித்தாள். கிள்ளை ஸ்டேஷன் தாண்டியதும் அவன் சாதாரணமாகக் கேட்டான்.

"சித்தி, நீ அடிச்சப்ப நான் ரொம்ப அழுதனா?"

சித்தி என்றது முதலில் காதில் விழுந்தது. மற்றது பிறகுதான் விழுந்தது.

"யாரு சொன்னா நான் அடிச்சேன்னு?"

"எல்லாருந்தான் சொன்னாங்க. எனக்கு நெனப்பு இல்ல. ஆனா கத்தினது நெனப்பு இருக்குது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காசிநாதன் வாயை மூடிக்கொண்டது மணலோடு போய்விட்டது என்று நினைத்திருந்தாள். அது பிள்ளையின் தலைக்குள்ளே போய் அவளுடைய ஆறு வருசத்தையும் அழித்து எழுதியிருந்தது.

ஓ.டி. ஸ்டேஷனில் காசிநாதன் வந்து நின்றிருந்தான். மெஷின் எண்ணெய் வாடை. மகனைக் கண்டதும் கையை நீட்டினான். தேவு தாவிப் போனான். பிளாட்பாரத்தில் குப்பத்துக் கூடைக்காரிகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"அப்பா, சித்தி என்னை அடிச்சாங்களா இல்லியா? நீ சொல்லு" என்றான் தேவு. அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

கூடைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சௌந்தரம் புருசன் முகத்தையே பார்த்தாள். இல்லை என்ற ஒரு சொல் போதும். இங்கே சபை இல்லை, சுப்புராயன் இல்லை. ஒரு பிள்ளை கேட்கிறது, அவ்வளவுதான்.

காசிநாதன் கூடைக்காரிகளைப் பார்த்தான். "பஸ்ஸு கெளம்பிடும், வா" என்றான்.

சௌந்தரம் கிட்டே போய்ப் பிள்ளையை அவன் இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"நீ போய்யா. நாங்க பொறவு வரோம்."

 அவன் பஸ்ஸுக்குப் போனான். அவள் தேவுவைப் பெஞ்சில் உட்கார வைத்து, தான் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் புள்ளிகள் தெரியும்படி வேட்டியை ஒதுக்கினாள்.

"மாசி மாசம் ஒனக்குத் தொண்டை நோவு வந்துச்சே, நெனப்பிருக்கா?"

"இருக்குது."

"அங்கேருந்து சொல்றேன், கேளு."

அவள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. கூடைக்காரிகளில் இரண்டு பேர் தலையிலிருந்த கூடையை இறக்கிக் கீழே வைத்தார்கள்.